எண்ணெயில் கரைந்தால் தூக்கம் வருமா?
வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற மயக்க மருந்து நிபுணரின் பதில்கள்

போன இதழில் பல் பிடுங்கும்போது போடும் மரப்பு ஊசியைப் பற்றி எழுதினேன். அதன் விளைவு, இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முழு மயக்கத்தைப் பற்றியே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இடமில்லை. ஒரே மாதிரி கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

தொடக்கக் கல்லூரியில் உயிரியல் படிக்கிறேன். மயக்க மருந்து உயிரணுச் சவ்வின் கொழுப்பில் கரைந்து நரம்பை அடக்குகிறது என்று டியூஷன் ஆசிரியர் சொன்னார். இணையத்தில் தேடினால் அது பழைய கதை, புரதம்தான் காரணம் என்கிறார்கள். யாரை நம்புவது?
– மாணவர், தெம்பனிஸ்

தேர்வில் பாடத்திட்டம் கேட்பதை எழுதுங்கள் தம்பி, மதிப்பெண் போடப்போவது நான் இல்லை. மற்றபடி இருவருமே பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

1899-ல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஹான்ஸ் ஹோர்ஸ்ட் மேயரும், அவரோடு தொடர்பில்லாமல் சூரிக்கில் சார்ல்ஸ் எர்னஸ்ட் ஓவர்ட்டனும் ஒரே விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். ஓவர்ட்டனின் புத்தகம் 1901-ல் வந்தது. தலைப்பிரட்டைகளை மருந்து கலந்த தண்ணீரில் விட்டு, எவ்வளவு மருந்தில் அவை நீந்துவதை நிறுத்துகின்றன என்று பார்த்தார்கள். அதே மருந்து ஆலிவ் எண்ணெயில் எவ்வளவு கரைகிறது என்றும் அளந்தார்கள். எண்ணெயில் நன்றாகக் கரையும் மருந்து கொஞ்சம் இருந்தாலே போதும். கரையாத மருந்து நிறைய வேண்டும்.

மயக்க வாயுக்களை வைத்து நீங்களே கணக்குப் போடலாம். நைட்ரஸ் ஆக்சைடின் எண்ணெய்க் கரைதிறன் எண் 1.4. அதை மட்டும் கொடுத்து ஒருவரைக் கத்திக்கு அசையாமல் வைக்க மூச்சுக் காற்றில் 104 விழுக்காடு வேண்டும், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தில் முடியவே முடியாது. ஹாலோத்தேனின் எண் 224, அதில் 0.75 விழுக்காடு போதும். ஐசோஃப்ளூரேனுக்கு 91-ம் 1.2-ம். பெருக்கிப் பாருங்கள்: 146, 168, 109. மருந்தின் வீரியம் நூறு மடங்குக்கு மேல் மாறுகிறது. பெருக்குத்தொகை மட்டும் அந்த வட்டாரத்தை விட்டு நகரவில்லை. இப்படி ஒரு எளிமையான விதி மருத்துவத்தில் எங்கே கிடைக்கும்? அறுபது, எழுபது ஆண்டுகள் எல்லாரும் இதை நம்பியதில் ஆச்சரியமே இல்லை. செனான் என்ற ஒற்றை அணுவும் மயக்குகிறது, ஈதரும் மயக்குகிறது. இத்தனை வடிவங்களும் ஒரே புரதத்தில் போய் உட்காருமா? எல்லாருக்கும் பொதுவான இடம் சவ்வின் கொழுப்புதான் என்றார்கள்.

பிறகு ஓட்டைகள் தெரிய ஆரம்பித்தன. சிகிச்சைக்குக் கொடுக்கும் அளவில் மருந்து சவ்வை எவ்வளவு இளக்குகிறதோ, ஏறக்குறைய அதே அளவு இளக்கம் உடல் சூடு ஒரு டிகிரி ஏறினாலும் வந்துவிடுகிறது. அப்படியானால் டெங்கிக் காய்ச்சல் வந்தவரெல்லாம் மயங்கிக் கிடக்க வேண்டும். அடுத்தது ஆல்கஹால் சங்கிலி. கார்பன்கள் கூடக் கூட எண்ணெயில் கரைவதும் மயக்கும் திறனும் சேர்ந்தே ஏறும். பன்னிரண்டு, பதின்மூன்று கார்பனைத் தாண்டியதும் மயக்கும் திறன் சட்டென்று நின்றுவிடுகிறது. கரைதிறனோ ஏறிக்கொண்டே போகிறது. அப்புறம் எட்டோமிடேட் என்ற மயக்க ஊசி மருந்து. அதன் இரு கண்ணாடிப் பிம்ப வடிவங்களும் எண்ணெயில் ஒரே அளவுதான் கரையும். ஆனால் ஒன்று மற்றதைவிடப் பத்து மடங்குக்கு மேல் வீரியமானது. எண்ணெய்க்கு இடது வலது தெரியாது. புரதத்துக்குத் தெரியும்.

1984-ல் லண்டனில் நிக்கலஸ் ஃபிராங்க்ஸ், வில்லியம் லீப் இருவரும் மின்மினிப்பூச்சியின் ஒளிதரும் என்சைமை எடுத்துக்கொண்டார்கள். அதில் கொழுப்பே கிடையாது. ஆனாலும் மயக்க மருந்துகள் அதை அடக்கின, அதுவும் விலங்குகளை மயக்கும் அதே அளவுகளில். மேயர் - ஓவர்ட்டன் விதியைப் புரதமும் பின்பற்றும் என்று அதோடு தெரிந்தது. 2003-ல் எலிகளில் நரம்பணுவை அடக்கும் காபா-ஏ ஏற்பி என்ற புரதத்தின் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றிவைத்தார்கள். புரொபோஃபோல் என்ற ஊசி மருந்தும் எட்டோமிடேட்டும் அந்த எலிகளிடம் ஏறக்குறைய தோற்றுப்போயின. கேட்டமின், நைட்ரஸ் ஆக்சைடு, செனான் மூன்றும் வேறு வழி, நரம்பணுவைத் தூண்டும் என்எம்டிஏ என்ற ஏற்பியை அடைக்கின்றன.

உங்கள் இணையம் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறது. எனக்கு இதற்குப் பிறகு வருவதுதான் சுவாரசியம். அந்த ஏற்பிகள் அந்தரத்தில் தொங்கவில்லை, சவ்வுக்குள்தான் பதிந்திருக்கின்றன. மழைக்காலத்தில் மரச்சட்டம் உப்பினால் கதவில் ஒரு குறையும் இல்லாமலே அது சிக்கிக்கொள்ளும் அல்லவா? சவ்வுக்குள் மருந்து நுழைந்து பக்கவாட்டு அழுத்தத்தை மாற்றினால், அயனிகள் போய்வரும் வழியான அயனிக் கால்வாய் திறப்பதும் மூடுவதும் மாறலாம் என்று 1990-களில் ஒரு கருத்து வந்தது. சவ்வு எங்கும் ஒரே சீரான எண்ணெய்ப் படலமாகவும் இல்லை, அதில் கொழுப்பு கூடிக் கிடக்கும் திட்டுகள் உண்டு. உயிரணுக்களிலிருந்து பிரித்தெடுத்த சவ்வுக் குமிழ்களில் அந்தத் திட்டுகள் கலைந்துபோகும் வெப்பநிலையை மயக்க மருந்துகள் ஏறக்குறைய 4 டிகிரி இறக்குகின்றன என்று 2013-ல் காட்டினார்கள். 2020-ல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வுக்கழகத்தினர் இன்னும் ஒரு படி போனார்கள். குளோரோஃபார்மும் ஐசோஃப்ளூரேனும் அந்தத் திட்டுகளைக் குலைக்கின்றன, அங்கே ஒதுங்கியிருந்த பிஎல்டி2 என்ற என்சைம் வெளியே வருகிறது, அது ட்ரெக்-1 என்ற பொட்டாசியக் கால்வாயைத் திறக்கிறது, நரம்பணு அடங்குகிறது. அந்த என்சைம் இல்லாத பழ ஈக்களை மயக்குவது கடினமாக இருந்தது.

என்னைக் கேட்டால், புரொபோஃபோல், எட்டோமிடேட் போன்ற ஊசி மருந்துகளுக்குப் புரதம்தான் முதல் இலக்கு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. வாயுக்களின் விஷயத்தில் சவ்வை ஒதுக்கிவிட இன்னும் காலம் வரவில்லை. ஆசிரியரோடு சண்டை போடாதீர்கள்.

அம்மாவுக்கு 78 வயது. போன வாரம் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு நாள் ஆள் அடையாளமே தெரியாமல் பேசினார். எவ்வளவு மயக்க மருந்து தேவை என்று முன்கூட்டியே ஒரு பரிசோதனை செய்து கணக்கிட முடியாதா? முதுகில் ஊசி போட்டால் இந்தக் குழப்பம் வராது என்று அண்ணி சொல்கிறார்.
– வாசகி, செங்காங்

அப்படியொரு இரத்தப் பரிசோதனை கிடையாது. சவ்வைப் பற்றி மேலே இவ்வளவு எழுதினேனே, அதில் ஒரு வரிகூட உங்கள் அம்மாவின் அளவைச் சொல்லாது. சொல்வது அவருடைய வயது.

வாயுவுக்கு 'மேக்' என்று ஓர் அளவு வைத்திருக்கிறோம். கத்தி பட்டால் நோயாளிகளில் பாதிப் பேர் அசையாமல் இருக்கும் அளவு அது. பாதிப் பேர்தானா என்று பயப்படாதீர்கள். ஆட்களுக்கு இடையே வித்தியாசம் மிகக் குறைவு. அதே அளவை 1.3 மடங்காக்கினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அசையமாட்டார்கள். நினைவு தப்புவதற்கோ மேக் அளவில் மூன்றில் ஒரு பங்கே போதும். இரத்த அழுத்த மாத்திரையும் இன்சுலினும் ஆளுக்கு ஆள் எப்படி மாறுகின்றன என்று உங்களுக்குத் தெரியும். அவற்றோடு ஒப்பிட்டால் இந்த வாயுக்கள் ரொம்ப ஒழுங்கானவை.

நாற்பது வயதுக்குப் பிறகு பத்து ஆண்டுக்கு ஒருமுறை இந்த அளவு ஏறக்குறைய 6 விழுக்காடு குறைகிறது. செவோஃப்ளூரேன் என்ற வாயு 40 வயதுக்காரருக்கு 1.8 விழுக்காடு என்றால் 80 வயதில் 1.4 போதும். உடல் குளிர்ந்தால் இன்னும் குறையும், கர்ப்பிணிகளுக்கும் குறையும். ஊசி மருந்தில் வேறொரு சங்கதி இருக்கிறது. வயதானவர்களுக்கு இரத்த ஓட்டம் மெதுவாக இருப்பதால் கையில் போட்ட மருந்து மூளைக்குப் போய்ச்சேர நேரமாகும். அவசரப்பட்டு 'இன்னும் தூங்கவில்லையே' என்று கூடுதலாகத் தள்ளினால் இரத்த அழுத்தம் விழுந்துவிடும். நான் பயிற்சி மருத்துவர்களுக்குச் சொல்வது, போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில், சுவர்க் கடிகாரத்தைப் பார். வயதும் எடையும் கொடுத்தால் மருந்தைக் கணக்கிட்டுச் செலுத்தும் பம்புகள் வந்துவிட்டன. அவையும் தொடக்கத்தைத்தான் சொல்லும். அதன் பிறகு நெற்றியில் ஒட்டி மூளை அலையைப் பார்க்கும் பட்டை, இரத்த அழுத்தம், இதயத் துடிப்பு இவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் கூட்டவும் குறைக்கவும் செய்வார்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பிந்திய ஆபத்தைக் கணிப்பது தனி விஷயம். அதற்கு நம் ஊரிலேயே சிங்கப்பூர் பொது மருத்துவமனை தன் நோயாளிகளின் பதிவுகளை வைத்து 'கேர்ஸ்' என்று ஒரு கணிப்பான் செய்திருக்கிறது. வயது, இரத்தச் சோகை, சிவப்பணுக்களின் அளவு வேறுபாடு, இதய நோய், அவசர சிகிச்சையா இல்லையா போன்றவற்றைக் கொடுத்தால், தீவிர சிகிச்சைப் பிரிவு தேவைப்படுமா, 30 நாளுக்குள் உயிராபத்து எவ்வளவு என்று சொல்லும். மூலக்கூற்றைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை, எல்லாம் சாதாரண மருத்துவக் குறிப்புகள்தான்.

அண்ணி சொன்னதை நானும் ஒரு காலத்தில் எல்லாரிடமும் கேட்டிருக்கிறேன். இடுப்பு முறிந்த 1,600 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2021-ல் வெளிவந்தது. முதுகு ஊசிக்கும் முழு மயக்கத்துக்கும் பிந்திய மனக்குழப்பத்தில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. ஆகவே எது என்பதை மருத்துவமனை நிபுணரிடம் விடுங்கள். ஆனால் பித்தப்பை சமயத்தில் குழம்பியதைத் தவறாமல் சொல்லுங்கள். ஒருமுறை குழம்பியவர் மறுபடி குழம்ப வாய்ப்பு அதிகம்.

உங்களால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கண்ணாடி, காது கருவி இரண்டும் கண்விழித்த உடனே கைக்குக் கிடைக்க வேண்டும். வார்டில் தமிழ் தெரிந்த தாதி எல்லா ஷிஃப்டிலும் இருப்பார் என்று சொல்ல முடியாது. 'வலிக்கிறதா', 'தண்ணீர் வேண்டுமா', 'மகள் காலையில் வருவாள்' மூன்றையும் ஆங்கில எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கட்டிலருகே ஒட்டிவையுங்கள். எந்த மருந்தும் செய்யாததை அது செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

தினமும் வேலை முடிந்து இரண்டு மூன்று பீர் குடிப்பேன். குடிக்கிறவர்களுக்கு மயக்கம் பிடிக்காது, பாதியில் முழிப்பு வரும் என்று கோப்பிக்கடை நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். ஹெர்னியா ஆபரேஷன் வருகிறது. முன்பரிசோதனைக்கு மனைவியும் கூட வருவதால் டாக்டரிடம் எப்படிச் சொல்வது?
– வாசகர், ஈசூன்

ஐயா, மனைவிக்குத் தெரியாது என்று நீங்கள்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நண்பர்கள் சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு. நீண்ட காலம் குடித்தவரின் மூளை, காபா ஏற்பி ஓயாமல் தூண்டப்படுவதற்குப் பழகிவிடுகிறது. மயக்க மருந்தும் அதே கதவைத்தான் தட்டுகிறது என்பதால் சற்றுக் கூடுதலாக வேண்டியிருக்கும். குடித்துவிட்டு விபத்தில் அடிபட்டு வருபவர் கதை நேர்மாறு, அவருக்குக் குறைவாகவே போதும். இரண்டையும் எங்களுக்குக் கையாளத் தெரியும், யாரென்று தெரிந்தால்.

பாதியில் முழிப்பு வருவதைப் பற்றி: பிரிட்டனில் நாடு முழுக்கச் செய்த கணக்கெடுப்பு 2014-ல் வெளியானது. நோயாளிகள் தாங்களாகவே வந்து சொன்னது ஏறக்குறைய 19,000 பேரில் ஒருவர். அதிலும் பெரும்பாலானவை தசையைத் தளர்த்தும் மருந்து சேர்த்துக் கொடுத்த சிகிச்சைகள். தசை தளர்ந்தவர் விழித்தாலும் கையைக் காட்ட முடியாது, அதுதான் விஷயம். நெற்றிப் பட்டை மூளை அலையை 0 முதல் 100 வரை எண்ணாக்கிக் காட்டும். 40-க்கும் 60-க்கும் நடுவில் வைத்துக்கொள்வோம்.

எனக்கு உங்கள் பீரில் கவலை தருவது வேறு. சிகிச்சைக்குப் பின் இரண்டு மூன்று நாள் குடிக்காமல் படுத்திருக்கும்போது கை நடுக்கம், பிதற்றல், சிலருக்கு வலிப்புகூட வரலாம். முன்கூட்டியே தெரிந்தால் மருந்து கொடுத்துத் தடுத்துவிடலாம். அதனால் மறைக்காதீர்கள். 'டாக்டர், உங்களிடம் இரண்டு நிமிடம் தனியாகப் பேச வேண்டும்' என்று கேளுங்கள். யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். ஜின்செங், பூண்டு மாத்திரை, கோவிலில் கொடுத்த லேகியம் என்று எது சாப்பிட்டாலும் அதையும் சொல்லுங்கள்.

கோயம்புத்தூரில் தாய்மாமாவுக்குச் சாதாரண ஆபரேஷன். முடிந்த பிறகு மணிக்கணக்காகத் தானாக மூச்சு விடவில்லை. வென்டிலேட்டரில் வைத்திருந்து மாலையில்தான் எடுத்தார்கள். 'உடம்பு வாகு' என்றார்களாம். நாங்கள் ஆரிய வைசியர்கள். எனக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை சொல்லியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.
– வாசகி, ஜூரோங் வெஸ்ட்

சமூகத்தின் பெயரைக் குறிப்பிட்டு எழுதியதற்கு நன்றி. பொதுவாக நான் சாதியைக் கேட்கமாட்டேன், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அது உயிர் காக்கும் தகவல்.

மாமாவின் தாள்களைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொல்வது சக்சமெத்தோனியம் என்ற தசைத் தளர்த்தி மருந்தின் கதையை அப்படியே ஒத்திருக்கிறது. தொண்டையில் குழாய் விடுவதற்காகப் போடுவது. ஐந்து பத்து நிமிடத்தில் இரத்தத்தில் உள்ள ஒரு என்சைம் அதைச் சிதைத்துவிடும். அந்த என்சைம் பிறவியிலேயே வேலை செய்யாதவர்களுக்கு அதே ஊசி மணிக்கணக்கில் நிற்கும். ஆரிய வைசியர்களிடம் இக்குறை மற்றவர்களைவிட அதிகம். கோயம்புத்தூர் ஆய்வாளர்கள் பங்கெடுத்து 2006-ல் வெளியான ஆய்வு, அந்த என்சைமின் 307-ஆம் இடத்தில் லூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் புரோலின் இருப்பதுதான் காரணம் என்று காட்டியது.

பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால்தான் குறை முழுதாகத் தெரியும். ஆகவே மாமாவுக்கு இருந்தால் உடன்பிறந்த உங்கள் அம்மாவுக்கு நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. சொந்தத்துக்குள்ளேயே திருமணம் செய்யும் குடும்பம் என்றால் உங்களுக்கும் வாய்ப்பு கூடும். என்சைம் அளவை ஓர் இரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். குறை இருந்தாலும் அறுவை சிகிச்சை தள்ளிப்போகாது. சக்சமெத்தோனியத்தையும் அதே என்சைம் சிதைக்கும் மைவாகுரியத்தையும் விட்டுவிட்டு ரோகுரோனியம் என்ற வேறு தசைத் தளர்த்தியைப் போடுவார்கள், அதை முறிக்க சுகமாடெக்ஸ் இருக்கிறது. மாமாவின் டிஸ்சார்ஜ் தாளைக் கோவையிலிருந்து வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இதேபோல் குடும்பக் கதையிலிருந்து பிடிபட்ட இன்னொரு நோய் உண்டு, மயக்க மருந்தால் உடல் சூடு கட்டுக்கடங்காமல் ஏறுவது. மெல்பர்னில் கால் முறிந்து வந்த 21 வயது இளைஞர், காலைவிட மயக்க மருந்துக்குத்தான் பயந்தார். ஈதர் கொடுத்ததில் அவருடைய உறவினர் பத்துப் பேர் இறந்திருந்தார்கள். ஹாலோத்தேன் கொடுத்தார்கள், அவருக்கும் உடல் கொதித்தது, ஆனால் பிழைத்துக்கொண்டார். டென்பரோ, லவெல் என்ற இரு மருத்துவர்கள் அதை 1960-ல் எழுதினார்கள். இன்று அதற்கு மரபணுக் காரணமும் தெரியும், அதை முறிக்க டான்ட்ரோலீன் என்ற மருந்தும் இருக்கிறது. வாயுக்களும் சக்சமெத்தோனியமும் அதைத் தூண்டும், புரொபோஃபோல் தூண்டாது. உங்கள் உறவில் யாராவது மயக்கத்தில் திடீரென்று காய்ச்சல் ஏறி இறந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். இந்த இரண்டிலும்தான் எங்களால் ஒருவரின் எதிர்வினையை முன்பே துல்லியமாகச் சொல்ல முடிகிறது. இரண்டிலுமே துப்புக் கொடுத்தது பாட்டிகளும் அத்தைகளும்தான்.

அப்பா முட்டைகூடச் சாப்பிடாத சைவர். மயக்க ஊசி பால் மாதிரி வெள்ளையாக இருக்கிறதே, அதில் முட்டை இருக்கிறதா?
– வாசகர், பிடோக்

இருக்கிறது. புரொபோஃபோல் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். அதனால் சோயா எண்ணெயில் கலந்து, அந்தத் துளிகள் பிரிந்துபோகாமல் இருக்க முட்டை மஞ்சளிலிருந்து சுத்திகரித்த லெசித்தினைச் சேர்க்கிறார்கள். எண்ணெய் 10 விழுக்காடு, லெசித்தின் 1.2 விழுக்காடு. முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள்கூடப் பெரும்பாலும் இதைத் தாங்கிக்கொள்கிறார்கள். அப்பாவுக்கு ஒவ்வாமை பிரச்சினை இல்லை, விரதம்தான். மருந்துக்கு விலக்கு உண்டு என்று நினைப்பவரா என்று அவரையே கேளுங்கள். கூடாது என்றால் தயோபென்டோன், கேட்டமின் அல்லது செவோஃப்ளூரேன் வாயு என்று வழிகள் இருக்கின்றன. தயோபென்டோன் எல்லா இடத்திலும் கைவசம் இருக்காது. ஆகவே அறுவை சிகிச்சை அன்று காலையில் சொல்லாமல், முன்பரிசோதனைக்குப் போகும் அன்றே சொல்லிவிடுங்கள்.